விபத்தில் அடிபட்டவர் இழப்பீடு கேட்பது எப்படி: பாம்பனிலிருந்து எழுதுகிறேன்

"வண்டி கவிழ்ந்துவிட்டது." மருத்துவமனை வாசலில் என் தாய்மாமா பதறிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான். பணியில் இருந்தவர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் வண்டி தானாகக் கவிழவில்லை. 2016ஆம் ஆண்டு, இன்னும் விடியாத நேரத்தில், அம்மாவும் வேறு மூன்று பெண்களும் மீன் கூடைகளோடு பாம்பனிலிருந்து ராமநாதபுரம் சந்தைக்குச் சிறிய சரக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். உச்சிப்புளிக்கு அருகில், எதிரே பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த சுற்றுலா வேன் அந்த வண்டியின் மீது மோதியது. மோதிய வேகத்தில் வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் இடது கணுக்கால் நசுங்கியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பதிவேட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "வேன் மோதியது என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சாட்சிக் கூண்டில் நிற்பவருக்கு நான் எதுவும் சொல்ல முடியாது. அந்தச் சில நிமிடங்களை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. எங்களைக் காப்பாற்றியது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. இரண்டு வண்டிகளிலும் எந்த மூலை நசுங்கியிருக்கிறது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

அந்த வழக்கு முடிந்த பிறகு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். நான் வழக்கறிஞர் அல்ல. தங்கச்சிமடம், மண்டபம், பாம்பன் பக்கத்தில் யாருக்காவது அடிபட்டால் அவர்களோடு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறவள். அப்படிப் போய்க் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில், எல்லோரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று. போலீஸ் வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. அஜாக்கிரதையாக ஓட்டியதற்காக ஓட்டுநருக்கு அபராதமோ சிறையோ விதிப்பது போலீஸ் வழக்கு. அதில் அவர் தண்டிக்கப்பட்டாலும் அடிபட்டவர் கைக்கு இழப்பீடு வந்துவிடாது. அவர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு செத்துப்போவதில்லை. இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனு போட வேண்டும். எம்.சி.ஓ.பி. எண் என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்வது இந்த மனுவின் எண்ணைத்தான். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதும் இல்லை. திருச்சியில் அடிபட்ட மண்டபத்துக்காரர், தான் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தில் சட்டத்தை நினைக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள். போலீஸ் வந்தால்தான் வைத்தியம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. 1989இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. வம்பு வரும் என்று பயந்து, சாலையில் கிடப்பவரைக் கடந்து போகாதீர்கள்.

மருத்துவமனைக்குள் போன பிறகுதான் என் மாமா செய்த பிழை காத்திருக்கிறது. பதிவேட்டில் எழுதுபவர், "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். நிதானமாகச் சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி வந்து மோதியது, தெரிந்தால் அதன் எண். அடிபட்டவர் என்ன வேலைக்காக அந்த வண்டியில் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாள்தான், பிறகு எழுதப்படும் எல்லாத் தாள்களுக்கும் முந்தியது. அதனால்தான் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் அதைத் தேடுகிறார்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். அம்மாவின் அறிக்கையில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருந்தது. இருபது ஆண்டுகளாகக் கூடை சுமந்து விற்றவர் அவர். எழுதிய காவலர் கெட்டவர் அல்ல. அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாடு பெரிது. எனவே உங்கள் வாய்மொழியிலேயே தொழிலைச் சொல்லுங்கள்: மீன் வியாபாரம், கருவாடு காய வைத்தல், கடல்பாசி எடுத்தல், நாட்டுப்படகில் பங்குக்குப் போதல். இன்னொன்றையும் கவனியுங்கள். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சாதாரணக் காயத்துக்கு 337, கொடுங்காயத்துக்கு 338. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் இரண்டும் அடங்குகின்றன. எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். முதல் நாளில் சாதாரணக் காயம் என்று எழுதியிருந்தால், மருத்துவமனையின் காயச் சான்றிதழ் வந்ததும் பிரிவை மாற்றினார்களா என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். இதை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம். அதே 2022 ஏப்ரலில் வந்த இன்னொரு மாற்றம் உங்களை நேராகத் தொடுவது: விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு போட வேண்டும். அம்மா வழக்கில் பதினொரு மாதம் கழித்துத்தான் மனு போட்டோம்; அன்று கால வரம்பு இல்லை. இன்று அப்படி இருக்க முடியாது. கட்டுப் பிரிக்கட்டும், மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும், திருவிழா போகட்டும் என்று நம் ஊரில் தள்ளிப்போடுவது வழக்கம். ஆறு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஏற்கெனவே தாண்டியிருந்தாலும், "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் உட்காராதீர்கள். இந்த வரம்பையே எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. தாள்களை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். அடிபட்ட உடம்புக்குச் சட்டம் எப்படி விலை வைக்கிறது?

ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு ஓர் எண் தரும். அம்மாவுக்கு 25. இந்த எண்ணைத்தான் எல்லோரும் இறுதி எண் என்று நினைக்கிறார்கள். அது இறுதி எண் அல்ல. உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் சொன்னதை ஒவ்வொரு மீன்பிடி கிராமத்திலும் எழுதி வைக்கலாம். ஊனம் எத்தனை சதவீதம் என்பது ஒரு கேள்வி. அந்த ஊனத்தால் இந்த மனிதரின் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு கேள்வி. நீதிமன்றமே ஓர் உதாரணம் காட்டியது. இடது கையை இழந்தவருக்கு மருத்துவக் கணக்கில் ஏறக்குறைய 60 சதவீத ஊனம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அரசு அலுவலக எழுத்தராக இருந்து அதே வேலையில் தொடர்ந்தால், வருமானத்தில் இழப்பே இல்லாமலும் போகலாம்.

அம்மாவிடம் குறுக்கு விசாரணையில், "உட்கார்ந்து மீன் விற்கலாமே அம்மா, அதற்குக் கால் எதற்கு?" என்று கேட்டார்கள். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "விற்பதுதான் ஐயா உட்கார்ந்து. வாங்குவது ஓடி" என்றார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, விளக்கமாகச் சொல்லச் சொன்னார். அம்மா சொன்னார்: வத்தை என்னும் நாட்டுப்படகு கரை தட்டும்போது முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். ஈர மணலில் ஏலம். முந்தி நிற்பவருக்கு விலைமீன், பாறை என்று நல்ல மீன். பிந்தியவருக்குச் சூடை, காரல் என்று சின்ன மீன். ஏலம் எடுத்த கூடையைத் தலையில் தூக்கி மேட்டுக்கு வர வேண்டும். ஐஸ் போட வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும், ஏற வேண்டும். கணுக்காலில் தகடும் ஆணியும் இருப்பவர் ஈர மணலில் ஒரு அடி வைத்தால் கால் உள்ளே போகும். மறு அடி எடுக்க முடியாது. இதைச் சொல்லும்போது அம்மா கூண்டுக்குள்ளேயே இடது காலைத் தூக்க முயன்று, கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

25 சதவீத ஊனத்தை, 40 சதவீத வருமான இழப்பு என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது.

கணக்கைப் பாருங்கள். அம்மாவுக்கு அப்போது 46 வயது. மாத வருமானம் 7,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார்கள். சொந்தத் தொழில் செய்கிறவர் 40 முதல் 50 வயதுக்குள் இருந்தால், எதிர்கால உயர்வுக்காக 25 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் வந்த தீர்ப்பு. 40க்குக் கீழே என்றால் 40 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம். ஆக 9,375. அதில் 40 சதவீதம் 3,750. ஆண்டுக்கு 45,000. இதை வயதுக்கு ஏற்ற பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பட்டியல்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது: 26 முதல் 30 வயதுக்கு 17, 36 முதல் 40க்கு 15, 46 முதல் 50க்கு 13, 56 முதல் 60க்கு 9. அம்மாவுக்கு 13. மொத்தம் 5,85,000 ரூபாய். எதிர்த்தரப்பு கேட்டபடி வருமானம் 5,000, இழப்பு 25 சதவீதம், எதிர்கால உயர்வு கிடையாது என்று முடிந்திருந்தால் 1,95,000தான். ஒரே கால், ஒரே பெண். இடையில் இருக்கும் 3,90,000 ரூபாயும், அவர் செய்த வேலை இன்னது என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்ததால் வந்தது. மருத்துவச் செலவு, வலி வேதனை, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, போக்குவரத்து எல்லாம் இதற்கு மேல் தனி.

பாசி எடுக்கும் அக்கா ஒருவரோடு மருத்துவக் குழுவுக்குப் போயிருந்தேன். வலது தோள் இறங்கிப்போயிருந்தது. சமைக்க முடிகிறதா, தலை சீவ முடிகிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். முடிகிறது என்றார். உண்மைதான். தண்ணீருக்குள் மூச்சடக்கிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுக்க அந்தக் கை வருமா என்று அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. நான் அவர் விரல்களைக் காட்டச் சொன்னேன். நகக்கண் ஓரமெல்லாம் பாறை கீறிய தழும்பு. அதைப் பார்த்த பிறகு கேள்விகள் மாறின. எனவே மருத்துவக் குழு முன்னாலும், நீதிபதி முன்னாலும், தொழிலை அசைவு அசைவாகச் சொல்லுங்கள். 'கூலி வேலை' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள்.

வருமானத்துக்கு ரசீது எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் கரையில் யாருக்கும் சம்பளச் சீட்டு இல்லை. டீசலும் ஐஸும் கழித்து, மிஞ்சியதைப் பங்கு பிரிக்கிறோம். நாங்கள் கொண்டுபோனது அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழு வங்கிப் புத்தகம். மாதம் தவறாமல் கடன் தவணை கட்டியவர், வருமானம் இல்லாமலா கட்டியிருப்பார்? ஏலக்காரர் கணக்கு நோட்டில் அம்மா பெயருக்கு எதிரே எழுதிய தொகைகள் இருந்தன. சந்தைக் கட்டணச் சீட்டுகள் சில, அரிசிப் பானைக்குப் பின்னால் மடித்துக் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து விற்கும் சித்தி ஒருவர் வந்து சாட்சி சொன்னார். கடலுக்குப் போகிறவர் என்றால் மீனவர் நல வாரிய அட்டை, மீன்வளத் துறையின் அடையாள அட்டை, தடைக்கால நிவாரணம் வரவான வங்கிக் கணக்கு எல்லாம் தொழிலுக்குச் சான்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாதே, அப்போது வருமானம் ஏது என்று நிச்சயம் கேட்பார்கள். மறைக்க வேண்டாம். முழு ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துச் சொல்லுங்கள். அந்த நாட்களில் செய்யும் வலை வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பணம் யார் தருவார்? பெரும்பாலும் மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனம். ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்று தெரிந்ததும் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளர வேண்டாம். அப்படிப்பட்ட வழக்குகளில் முதலில் நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடத் தீர்ப்பாயத்தால் முடியும். இரண்டு வண்டிகளும் தவறு செய்திருந்தால், நடுவில் மாட்டிய பயணி இரண்டில் எதனிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம்.

ஆனால் சரக்கு வண்டியில் போகும் நம் பெண்களுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. அம்மாவின் வழக்கில் தவறு வேனுடையது, அதனால் வேனின் காப்பீடு கொடுத்தது. வேறு வண்டி எதுவும் மோதாமல் சரக்கு வண்டி மட்டுமே கவிழ்ந்திருந்தால் கதை வேறு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தன் சரக்கோடு போகும் சரக்கு உரிமையாளருக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. அவர் முன்னால் ஓட்டுநர் கேபினில் இருந்தாரா, பின்னால் கூடைகளின் மேல் இருந்தாரா என்பதையும் பார்ப்பார்கள். எனவே உங்கள் மீன் அந்த வண்டியில் இருந்தால், எத்தனை கூடை, எந்தச் சந்தைக்கு என்று முதல் நாளே புகாரில் எழுத வையுங்கள். பின்னால் கூடைகளின் மேல் பத்துப் பேர் உட்கார்ந்து போவதை, ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக இனியும் செய்யாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் இடித்துவிட்டு நிற்காமல் போகும் வண்டிகள் உண்டு. வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. விண்ணப்பம் வருவாய்த் துறை அதிகாரிகள் வழியாகப் போகும். ஐஸ் ஆலையிலோ இறால் கம்பெனியிலோ வேலை நேரத்தில் அடிபட்டால் அது தொழிலாளர் துறை வழி. அங்கே பெரும்பாலும், முதலாளி தவறு செய்தாரா என்ற கேள்வியே தேவையில்லை. படகு மோட்டார் வாகனம் அல்ல என்பதால், கடலில் நேர்ந்த காயத்தை விபத்துத் தீர்ப்பாயம் விசாரிக்காது. மீனவர்களுக்கான மத்தியக் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். உங்கள் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் இன்றே கேளுங்கள்.

வழக்கறிஞர் பற்றி. விபத்து நடந்த மறுநாளே மருத்துவமனைக் கட்டிலருகே வந்து நிற்கும் தரகரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் கைநாட்டும் வைக்காதீர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசிக் கட்டணம் வாங்குவதை வழக்கறிஞர்களுக்கான விதிகளே தடை செய்கின்றன. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அழைப்பு வரும். சீக்கிரம் முடியும், நல்லதுதான். அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. மேலே நான் போட்ட கணக்கை உங்கள் வயதுக்கும் வருமானத்துக்கும் போட்டுப் பார்த்து, தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். சொல்லும் தொகை அதற்கு வெகு கீழே இருந்தால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வரலாம். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்புப் பிடிக்கவில்லை என்றால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம்.

தீர்ப்பு 2019இல் வந்தது. மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியும் சேர்ந்தது. ஒரு பகுதியை வங்கியில் வைப்புத் தொகையாகப் போடச் சொன்னார்கள். அதை இடையில் எடுக்க வேண்டுமென்றால் காரணம் காட்டித் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்க வேண்டும். கணுக்காலில் இருந்த தகட்டை எடுக்க அம்மாவுக்கு மறுபடி அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்தபோது, மருத்துவர் எழுதிக் கொடுத்த செலவுச் சீட்டோடு மனு போட்டோம், பணத்தை விடுவித்தார்கள். அந்தத் தகட்டையும் ஆணிகளையும் மருத்துவமனையில் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அது வழக்குத் தாள்களோடு பெட்டியில் இருக்கிறது.